பதினேழாம் எண் ஆணி

விடிகாலை ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் ராசம்மாள் முதலில் பார்ப்பது காப்பி அண்டாவை அல்ல, சுவரைத்தான். சுவரில் ஒரு நீளப் பலகை. பலகையில் நாற்பத்திரண்டு ஆணிகள். ஆணிக்குக் கீழே அறை எண், ஆணியில் பிடி வைத்த எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொரு டம்ளரிலும் திருப்பாப்புலியூர் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டு வந்த பேர்.

ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் தம் கையாலேயே தம் டம்ளரை எடுத்துக் காப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு அடித்ததும் எந்த டம்ளர் தொங்குகிறதோ அந்த அறைக் கதவைப் போய்த் தட்டுவார்கள். ஆணி காலி என்றால் ஆள் நன்றாக இருக்கிறார். டம்ளர் தொங்கினால் ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை ஒட்டி இருக்கிற அந்த முதியோர் குடியிருப்பை எல்லோரும் காலனி என்றுதான் சொல்வார்கள். வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் வேப்பமரம், ஒரு பொதுச் சமையல்கூடம். 2006ஆம் வருடம் ஒன்பதாம் அறையிலிருந்த கண்ணாயிரம் செத்து இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த அறைக்காரர் சுப்புராயன். தாசில்தார் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், காலனிக் கமிட்டிக்குச் செயலாளர். "நடுவுல ஒரு சொவருய்யா, ஒரே ஒரு சொவரு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பதினாறாம் நாள் கழிந்ததும் தச்சரைக் கூட்டி வந்து பலகை அடிக்கச் சொன்னவர் அவர்தான்.

கூடவே இன்னொரு விதியும் வைத்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று தடவை டம்ளர் தொங்கினால் டாக்டர் வந்து பார்ப்பார். தனியாக இருக்க முடியாது என்று அவர் எழுதிவிட்டால் பின்னால் இருக்கும் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எட்டுக் கட்டில், ஒரு நர்ஸ். காலனியில் யாரும் அதை வார்டு என்று சொல்லமாட்டார்கள். "அவரு பின்னாடி போயிட்டாரு" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. போனவர்கள் யாரும் தங்கள் அறைக்குத் திரும்பியதில்லை.

ராசம்மாளுக்குப் பதினாறாம் அறை. புவனகிரிப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். வயது அறுபத்தேழு. புருஷன் இல்லை. மகன் சேரன் துபாயில். பக்கத்து அறை, பதினேழு, புஷ்பமேரியுடையது. கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்தவள். எழுபத்திரண்டு வயதாகியும் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருபது வயதுப் பெண் பேசுகிற மாதிரி இருக்கும். ராசம்மாளுக்குப் பேச ஒரு ஆள் அவள்தான். மகன் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வான், "சாப்டியாம்மா" என்பான், வைத்துவிடுவான். புஷ்பமேரியோடுதான் சண்டை, சிரிப்பு, மாவடு ஊறுகாய், மத்தியான சீரியல், எல்லாம்.

2009ஆம் வருடம் தை மாதத்தில் புஷ்பமேரிக்குக் காலைகள் கனக்கத் தொடங்கின. எழுந்தால் தலை கிறுகிறுத்தது. கால் இரண்டும் எட்டு மணி வரைக்கும் மரம் மாதிரி இருந்தன. சில நாள் கிழமையே மறந்து போனது. அந்த மாதத்தில் இரண்டு தடவை பதினேழாம் எண் டம்ளர் தொங்கியது. இரண்டு தடவையும் சுப்புராயன் வந்து கதவைத் தட்டினார்.

இரண்டாம் தடவை தட்டின அன்று மத்தியானம் புஷ்பமேரி ராசம்மாளின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ராசு, இன்னும் ஒருவாட்டிதான்டி இருக்கு."

"இன்னாக்கா ஒருவாட்டி?"

"என் டம்ளரு தொங்குறது. அப்பறம் டாக்டரு வருவாரு. ஒத்தக் கால்ல நில்லும்பாரு. இன்னிக்கி இன்னா தேதிம்பாரு. நான் தப்பாச் சொல்லுவேன்." அவள் ராசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் பின்னாடி போவமாட்டேன். செத்தாலும் என் ரூமுலதான். சன்னலத் தொறந்தா வேப்பமரம் தெரியிற எடத்துல."

"கம்முனு இருக்கா. நாளையிலேருந்து உன் டம்ளர நான் எடுத்தாறேன்."

"சுப்புராயன் கேட்டாரு?"

"செபம் பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்றேன். நீதான் செபமால உருட்ட ஆரம்பிச்சா ஊரே கவுந்தாலும் எந்திரிக்கமாட்டியே."

"அடிப்பாவி, மாதா பேர்ல பொய் சொல்லுவியா?"

"உங்க மாதா எனக்குந்தான் தெரிஞ்சவுங்க. கோவிச்சிக்கமாட்டாங்க."

புஷ்பமேரி சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ராசம்மாள் கூட்டம் சேரும் முன்னே போய் இரண்டு டம்ளரையும் எடுத்துவிடுவாள். காப்பி ஊற்றுகிறவள் மலர்க்கொடி, பக்கத்துக் குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிற பெண். முதல் நாள் அவள் அகப்பையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு டம்ளரா? ஒரு வவுத்துக்கு ஜாஸ்திம்மா."

"ஊத்துடி வாயாடி."

மலர்க்கொடி டம்ளரிலிருந்த பேரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. அவளுக்கும் புஷ்பமேரியைப் பிடிக்கும்.

அறைக்குத் திரும்பும் வழியில் பதினேழாம் எண் சன்னலின் உள்பக்க மேடையில் டம்ளரை வைத்து மூடிவிட்டு, கம்பியில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே போர்வைக்கடியிலிருந்து "ம்" என்று வரும். அந்த "ம்" வந்தால் ராசம்மாள் போய்விடுவாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஏழு மணிக்குச் சுப்புராயன் பலகையைப் பார்ப்பார், பதினேழு காலி என்று தலையாட்டிக்கொண்டு போவார். ஒரு நாள், "மேரியம்மா இப்பல்லாம் முந்திக்கிறாங்களே, நல்லாயிட்டாங்க போல" என்றுகூடச் சொன்னார். ராசம்மாளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் தப்புச் செய்கிறோம் என்று தோன்றவில்லை. ஒரு மனுஷியை அவள் சன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்றுதான் தோன்றியது. நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை காலனிக்காரர்கள் வேனில் சிதம்பரத்துக்குப் போவார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்குச் சீட்டு எழுதிக்கொடுப்பது, எந்த அறையில் எந்த டாக்டர் என்று வழிகாட்டுவது, தனியாக வந்த கிழவிகளுக்குத் துணைக்கு நிற்பது. சும்மா உட்கார்ந்து துருப்பிடிக்கிறதற்கு இது மேல் என்று ஆரம்பித்ததுதான். ராசம்மாள்தான் முன்னின்று நடத்துகிறவள். புவனகிரிச் சனங்கள் அவளை அங்கே பார்த்தால் "டீச்சரம்மா" என்று ஓடி வருவார்கள். அன்று சமையல் கிடையாது. விடிகாலையிலேயே எலுமிச்சம் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். வேனில் போகாதவர்களுக்கு மத்தியானம் மலர்க்கொடி அறை அறையாகப் போய்ச் சன்னல் கம்பியில் பொட்டலத்தை மாட்டிவிட்டு வருவாள்.

மாசி மாதத்துப் புதன்கிழமை அது. வேன் ஆறே காலுக்கே வந்துவிட்டது. டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். ராசம்மாள் ஒரு கையில் சீட்டுக் கட்டும் பேனாக்களும் வைத்த பை, மறு கையில் பதினேழாம் எண் டம்ளர் என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள். சன்னல் மேடையில் டம்ளரை வைத்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். "ம்" வரவில்லை. கட்டில் காலியாகக் கிடந்தது. குளியலறையில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அட, இன்றைக்கு அக்கா நேரத்தோடு எழுந்துவிட்டாளே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அக்கா, குளிக்கிறியா? காப்பி வச்சிருக்கேன், ஆறிடப்போவுது. நான் சிதம்பரம் போயிட்டு வரேன்!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. வேன் மறுபடியும் ஆரன் அடித்தது. ராசம்மாள் போய்விட்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள், மகன் வெளிநாட்டில், மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, யாருமில்லாமல் சர்க்கரைப் புண்ணோடு தனியாக நின்றாள். ராசம்மாள் அவளைக் கைத்தாங்கலாக மூன்று அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நீ யாரு பெத்த புள்ளயோ, அல்லா ஒனக்கு ஒரு கொறையும் வைக்கக்கூடாது" என்று அந்த அம்மாள் கன்னத்தைத் தடவினாள். திரும்பும்போது இதைப் புஷ்பமேரியிடம் எப்படிச் சொல்வது, "ஒரு கெழவி என்ன புள்ளங்குறாக்கா" என்று சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று வேனில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

காலனிக்குள் இறங்கும்போது மாலை ஐந்து. பதினேழாம் எண் சன்னல் கம்பியில் எலுமிச்சம் சாதப் பொட்டலம் மாட்டினபடியே தொங்கியது. உள்மேடையில் டம்ளர் மூடியிருந்தது. மூடியை எடுத்தாள். காப்பி நிரம்ப இருந்தது. மேலே ஆடை, ஆடையில் எறும்பு.

"அக்கா."

ராசம்மாளின் கையிலிருந்த பை கீழே விழுந்து பேனாக்கள் சிதறின. அவள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் அய்யனார் ஓடி வந்து கதவில் தோளைக் கொடுத்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

குளியலறைத் தரையில் புஷ்பமேரி ஒருக்களித்துக் கிடந்தாள். இரவு உடுத்தியிருந்த சேலை முழுக்க நனைந்து, உடம்பிலேயே பாதி காய்ந்திருந்தது. இடது கால் இடுப்பிலிருந்து திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. ராசம்மாளைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றாள். பின்னால் அய்யனாரையும், வாசலில் கூடிய தலைகளையும் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போன பிறகு ஆபீஸ் அறையில் கமிட்டி கூடியது. சுப்புராயன் முகம் வெளுத்திருந்தது.

"மலரு, காலையில மேரியம்மா காப்பிக்கி வந்தாங்களா?"

மலர்க்கொடி ராசம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "டம்ளரு ஆணியில இல்ல சார்."

"அதான் நானும் பாத்தேன். அப்பன்னா காப்பி குடிச்சிட்டுப் போயித்தான் வுழுந்துருக்காங்க. மத்தியானம் பொட்டலம் குடுக்கப் போனியே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேன் சார்!" மலர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. "பொட்டலத்துக்குக்கூட இல்ல சார், அதுக்கு முன்னாடியே. பதினோரு மணிக்கி டேங்குல தண்ணி தீந்துபோச்சின்னு நீங்கதான சத்தம் போட்டீங்க, எவன் கொழாயத் தொறந்து வுட்டான்னு. நான் ஒவ்வொரு ரூமாப் போயி கேட்டேன். மேரியம்மா, உங்க கொழா மூடியிருக்கான்னேன். மூடிட்டேன்மான்னாங்க. நல்லா, தெளிவா, போன்ல பேசுவாங்களே, அந்த மாதிரி. வுழுந்து கெடக்குறவங்க அப்பிடிப் பேசுவாங்கன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"பொட்டலம் மாட்டுறப்பவும் கூப்ட்டியா?"

"சாப்புடுங்கம்மான்னேன். சரிம்மான்னாங்க."

ராசம்மாள் அப்போது எழுந்தாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மலர்க்கொடி சொல்லமாட்டாள் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவ மேல தப்பில்ல சார். அக்கா காப்பிக்கி வரல. மூணு வாரமா வரல. டம்ளர நான்தான் எடுத்தேன்."

சுப்புராயன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. "ஏழு மணிக்கித் தட்டியிருப்பனேம்மா" என்றார். "ஏழு மணிக்கி நானு போயித் தட்டியிருப்பனே. கண்ணாயிரத்துக்குத் தட்டாம வுட்டதுக்குத்தான நாயி மாதிரி தெனம் அந்தப் பலகைய வந்து பாக்குறேன்." சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் ராசம்மாள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

பத்து நாள் கழித்துப் புஷ்பமேரியைக் கொண்டு வந்தார்கள். இடுப்பெலும்பில் தகடு வைத்திருந்தார்கள். ஆனால் நிமோனியா கண்டு மீண்ட உடம்பு, இனி நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சர் முன் வாசலுக்கு வரவில்லை. நேராகப் பின் கட்டடத்துக்குப் போனது. மூன்றாவது கட்டில். அவள் தலைமாட்டுக்கு நேரே இருந்த சன்னலில் தெரிந்தது காம்பவுண்டு சுவர்.

பெங்களூரிலிருந்து மகன் சகாய ஆனந்த் வந்தான். அம்மாவின் காலடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பதினேழாம் அறையைக் காலி செய்து, மாதா படத்தையும் இரண்டு பெட்டியையும் காரில் வைத்துக்கொண்டான். புறப்படும்போது ராசம்மாளிடம் கெஞ்சினான்: "ரூம கேன்சல் பண்ணிட்டேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க ஆன்ட்டி. அவங்க தாங்கமாட்டாங்க. சரியானதும் போயிடலாம்னே சொல்லிட்டிருங்க." நர்ஸ் ஜான்சியிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனான்.

ராசம்மாள் தினமும் போனாள். முதல் நாளே கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கி ஏன்க்கா மலருகிட்ட மூடிட்டேன்னு சொன்ன? வுழுந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்துருப்பாளே?"

புஷ்பமேரி அவளை விசித்திரமாகப் பார்த்தாள், இது தெரியாதா உனக்கு என்கிற மாதிரி.

"அவ வந்தா சுப்புராயன் வருவாரு. எல்லாரும் வருவாங்க. பின்னாடி தூக்கிட்டு வந்துருவாங்க. நீ வந்தீன்னா, என்னைத் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டுக் கம்முனு இருந்துருப்ப. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப வருவா, இப்ப வருவான்னு."

"நான் சிதம்பரம் போறேன்னு சொன்னனேக்கா. சன்னல்ல நின்னு கத்தினேனே."

"கேக்கலடி. தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சி. மயக்கம் வேற. புதங்கெழமன்னு ஞாபகமே வரல." போர்வையை மேலே இழுத்துக்கொண்டு, "பல்லு கிட்டிக்கிச்சி ராசு குளுருல. ஆனா மலருகிட்ட பேசறப்ப மட்டும் நல்லாப் பேசினேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ராசம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான்.

"நாளைக்கி ரூமுக்குப் போயிடலாம்ல?"

"போயிடலாம்மா, கால் ஊன ஆரம்பிச்சதும்" என்பாள் ஜான்சி, ஊசி மருந்தை உறிஞ்சியபடி. ராசம்மாளும், "போயிடலாம்க்கா" என்றாள். முதல் நாள், இரண்டாம் நாள், ஒரு வாரம். புஷ்பமேரி அந்த ஒரு வார்த்தையை நம்பி, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, படுத்தபடியே காலை அசைத்து அசைத்துப் பார்த்தாள். குளியலறைத் தரையில் கிடந்தபோது எப்படிக் காத்திருந்தாளோ அதே மாதிரிதான் இப்போதும் காத்திருக்கிறாள் என்று ராசம்மாளுக்கு ஒரு நாள் உறைத்தது. வரப்போகாத ஒன்றுக்காக. இதற்கும் நாம்தானே துணை நிற்கிறோம்.

பங்குனி முதல் வாரத்தில் பதினேழாம் அறைக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு பெரியவர் குடி வந்தார். அன்று சாயங்காலம் புஷ்பமேரி வழக்கம்போலக் கேட்டாள்.

"நாளைக்கி ரூமுக்குப் போயிடலாம்ல ராசு?"

ஜான்சி வாயெடுக்கும் முன் ராசம்மாள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. போவ முடியாது. உன் கால் இனிமே ஊனாது. ரூம உன் புள்ள எழுதிக் குடுத்துட்டான். வேற ஆளு வந்துட்டாங்க. இனிமே இங்கதான்."

புஷ்பமேரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப குடுத்தான்?"

"உன்னக் கொண்டாந்த அன்னிக்கே."

"அப்பலேருந்து நீ தெனம் போயிடலாம் போயிடலாம்னு சொன்ன."

"சொன்னேன்."

"அன்னிக்கும் டம்ளர நான் எடுத்தாறேன்னு நீதான் சொன்ன."

"நான்தான்க்கா."

புஷ்பமேரி கையை இழுத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்த கை, இழுக்கிற தெம்பு அதில் இருக்கும் என்று ராசம்மாள் நினைக்கவில்லை. "நீ வராத" என்றாள். அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராசம்மாள் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். புஷ்பமேரி அவளிடம் பேசவில்லை. அவள் கரண்டியை நீட்டினால் வாய் திறக்கவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஜான்சி ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வேணா போயிட்டு அப்பறமா வாங்கம்மா" என்றாள் ஜான்சி, பாவமாக.

"இருக்கட்டும், நீ ஊட்டு" என்றாள் ராசம்மாள். ஜான்சிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, ஒன்று தலையைத் தாங்க, ஒன்று ஊட்ட. அதனால் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி, புஷ்பமேரியின் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் நின்று, ராசம்மாள் பிடித்துக்கொண்டாள்.